ஸ்கீயை மாற்றுவதா, கார்பைடை மாற்றுவதா? ட்ரெயில் ஸ்னோமொபைலுக்கு ஒரு ஒப்பீடு

பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியின் ஹேண்டில் இடமும் வலமும் இழுக்கிறது. வளைவில் திருப்பினாலும் முன்பக்கம் நேராகவே தள்ளிக்கொண்டு போகிறது. ஒரு மணி நேரம் ஓட்டினால் தோள் வலிக்கிறது. இந்த மூன்றுக்கும் பலர் முதலில் தேடுவது புதிய ஸ்கீயை, அதாவது வண்டியின் முன்னால் சறுக்கும் பலகையைத்தான். நிறத்தைப் பார்த்து வாங்குபவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் கோளாறு இருப்பது ஸ்கீயின் அடியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் ரன்னரில். அது ஒரு இரும்புக் கம்பி, அதன் நடுப்பகுதியில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு பதித்திருக்கும். பனியையும் ஐஸையும் கீறிப் பிடிப்பது அந்தத் துண்டின் விளிம்பு. பிளாஸ்டிக் ஸ்கீயின் முக்கிய வேலை வண்டியின் எடையைப் பனியின் மேல் தாங்குவது.

எனவே முதலில் ரன்னரைக் கழற்றாமலே பாருங்கள். கார்பைடு விளிம்பில் விரல் நகத்தை உரசினால் நகம் சீவப்பட வேண்டும். வழுக்கினால் விளிம்பு மழுங்கிவிட்டது. கார்பைடைச் சுற்றியுள்ள இரும்பு தேய்ந்து, துண்டு மட்டும் பல்லைப் போலத் துருத்தி நின்றால் அது விழப்போகிறது. நேரான ஒரு பட்டையை ரன்னரின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். கல்லில் மோதி வளைந்த ரன்னர் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் வண்டியை ஒரு பக்கம் இழுக்கும்.

ஸ்கீயையே மாற்ற வேண்டிய நிலை வேறு. ரன்னர் உட்காரும் அடிமுகடு, அதாவது கீல், தேய்ந்து பள்ளம் மறைந்திருந்தால் புதிய ரன்னரும் ஆடும். ஸ்கீயை வண்டியோடு இணைக்கும் ஸ்பிண்டில் போல்ட் போகும் இடத்தில் விரிசல் இருந்தாலோ, கீல் பக்கவாட்டில் கோணியிருந்தாலோ ஸ்கீயைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை.

ஒற்றைக் கார்பைடும் இரட்டைக் கார்பைடும்

கனடாவின் ஒன்டாரியோவில் மஸ்கோகா, ஹாலிபர்ட்டன் பக்கம் வார இறுதியில் ட்ரெயிலில், அதாவது ஸ்னோமொபைல் ஓடும் பனிப்பாதையில், நூற்றுக்கணக்கான வண்டிகள் ஓடும். ஒவ்வொன்றின் கார்பைடும் கெட்டிப் பனியில் மெல்லிய கோடு கீறிவிட்டுப் போகும். பின்னால் வரும் வண்டியின் ஒற்றை விளிம்பு அந்தக் கோட்டில் விழுந்து அதன் போக்கிலேயே போகும். வண்டிச்சோட்டில் விழுந்த மாட்டுவண்டிச் சக்கரத்தின் கதைதான். கோடு விலகும்போது ஹேண்டில் வெடுக்கென்று திரும்பும். ஓட்டுபவர்கள் இதை டார்ட்டிங் என்பார்கள்.

இதற்கு வந்த தீர்வுதான் இரட்டை ரன்னர். ஸ்டட் பாய் நிறுவனத்தின் டியூஸ் பார், வூடிஸ் நிறுவனத்தின் டூலி ஆகியவை இந்த வகை. ஒரே கீலின் மேல் இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு விளிம்பு பழைய கோட்டில் விழுந்தாலும் மற்றது மேட்டில் நின்று தாங்கும். டார்ட்டிங் குறைவது முதல் பயணத்திலேயே கையில் தெரியும்.

விலை மட்டுமா கூடுதல்? அதே எடை இரண்டு விளிம்புக்குப் பிரிவதால் ஒவ்வொன்றும் பனிக்குள் இறங்கும் ஆழம் குறைகிறது. தளர்ந்த பனியுள்ள வளைவில் முன்பக்கம் சற்றுத் தள்ளும். நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் ஹேண்டில் கனக்கும். ஐஸும் கெட்டிப் பனியும் மிகுந்த ட்ரெயிலில் ஓட்டுபவருக்கு இரட்டையே சரி. பெரும்பாலும் புதுப்பனியில், ஆள் குறைந்த பாதையில் ஓட்டுபவர் கூர்மையான ஒற்றையிலேயே இருக்கலாம்.

விளிம்பின் கோணமும் கணக்கில் வரும். 60 டிகிரி கார்பைடு நன்றாகக் கடிக்கும், சீக்கிரம் தெறிக்கும். 90 டிகிரி மந்தமாகக் கடித்தாலும் நீண்ட நாள் வரும். பழைய ரயில் தடத்தின் மேல் போகும் ட்ரெயில்களில் பனி மெலிந்தால் ஜல்லி வெளியே தெரியும். சாலை கடக்கும் இடங்களில் தாரும் உண்டு. அத்தகைய பாதையே பெரும்பகுதி என்றால் 60 டிகிரிக்குக் கொடுக்கும் காசு வீண்.

எத்தனை அங்குலம்?

கார்பைடின் நீளத்தைத் தனியாக முடிவு செய்யக்கூடாது. பின்னால் வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான ட்ராக்கில் எத்தனை ஸ்டட் (ஐஸைக் குத்திப் பிடிக்கும் உலோக முள்) இருக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்டட் இல்லாத ட்ராக்குக்கு ஒரு ஸ்கீக்கு 4 அங்குலம் போதும். 96 ஸ்டட் அளவுக்கு 6 அங்குலம், 144 அளவுக்கு 7.5 அங்குலம் என்பது தோராயக் கணக்கு. பின்பிடி கூடி முன்பிடி குறைந்தால் வண்டி வளைவில் நேரே ஓடும். தலைகீழாக, ஸ்டட் இல்லாத வண்டியில் நீளமான கார்பைடைப் போட்டால் ஐஸ் வளைவில் முன்பக்கம் கடித்து நிற்க, பின்பக்கம் சுழன்று வெளியே வரும். இரண்டில் இதுதான் ஆபத்து. நீளம் அதிகமென்றால் நல்லது என்று வாங்கிவிடாதீர்கள்.

கார்பைடு ஸ்பிண்டில் போல்ட்டுக்கு நேர் கீழே, அல்லது சற்றுப் பின்னால் நடுவமைய வேண்டும். முன்னால் தள்ளியிருந்தால் ஹேண்டில் நடுக்கம் கூடும்.

ஸ்கீ மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

ஸ்கீ-டூ வண்டிகளில் வரும் பைலட் 5.7 என்பதில் உள்ள எண் ஸ்கீயின் அங்குல அகலம், 6.9 அதைவிட அகலம். ட்ரெயிலுக்குக் குறுகியதே எளிதாகத் திரும்பும். அகலமானது ஆழமான புதுப்பனியில் மிதக்க உதவும். பைலட் டிஎஸ் (TS) வகையில் ஸ்கீயின் மேல் உள்ள திருகைக் கையால் திருப்பி, கார்பைடு எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்று மாற்றலாம். காலையில் ஐஸ், மதியம் கூழ்ப்பனி என்று மாறும் மார்ச் மாதத்தில் இது உண்மையான வசதி. ஆனால் அதற்கென்று வரும் ரன்னரைத்தான் போட வேண்டும்.

சிம்மன்ஸ் ஸ்கீ வேறு பாதை. ஒரு ஸ்கீக்கே இரண்டு கீல், இரண்டு ரன்னர். நடுவில் உள்ள வாய்க்கால் பனியை அமுக்கி ஓட்டும். வளைவில் பிடி அபாரம், டார்ட்டிங்கும் குறைவு. ஆனால் வாங்க வேண்டிய ரன்னர்கள் நான்கு, ஹேண்டிலும் கனம். சி அண்ட் ஏ புரோ போன்றவை ஒற்றைக் கீலோடு ஆழமான அடிவடிவம் தருபவை. பழைய ரகப் பிளாஸ்டிக் ஸ்கீயிலிருந்து வருபவருக்கு முன்பிடி நன்றாகக் கூடும்.

எந்தப் பிராண்டாக இருந்தாலும் வண்டியின் மாடல், ஆண்டுக்குரிய பொருத்தும் கிட் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். ஸ்பிண்டில் போல்ட்டின் விட்டம், புஷ், ஸ்கீக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையே உள்ள ரப்பர் டாம்பர் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். கைப்பிடி வளையம் பெரும்பாலும் தனி விலை.

டார்ட்டிங் தொல்லைக்குக் காசே செலவில்லாத ஒரு வழியும் உண்டு: ரப்பர் டாம்பரின் பின்பாதிக்கு அடியில் 3 மி.மீ. பிளாஸ்டிக் தகடு வைப்பது. அழுத்தம் ஸ்கீயின் வாலுக்குப் போக, நுனி லேசாகிக் கோடுகளைத் துரத்துவது குறையும்.

பொருத்துவதில் கெடுவது

பழைய நட் துருப்பிடித்திருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். ரன்னரில் நட் ஏறும் மரைக்கம்பி (இதையும் ஸ்டட் என்பார்கள்) சேர்ந்து சுழன்றால் அடியிலிருந்து பிடி-இடுக்கியால் கம்பியைப் பிடிக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் நட்டை வெட்டிவிடுங்கள். புதிய ரன்னரின் வளைந்த முன்முனையை முதலில் கீலில் நுழைத்து, பிறகு ஸ்டட்களை ஓட்டைகளில் ஏற்றுங்கள். எல்லா நட்டையும் விரலால் இறுக்கிய பிறகே, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி நடுவிலிருந்து முனை நோக்கி இறுக்க வேண்டும். பழைய லாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள். அளவுக்கு மேல் முறுக்கினால் ஸ்டட்டின் வெல்டிங் விடும், இல்லையென்றால் பிளாஸ்டிக் அமுங்கி நட் பிறகு தானே தளரும்.

அடுத்தது நேர்ப்படுத்துதல். முதலில் ஸ்டீயரிங்கின் டை ராட் முனைகளையும் பால் ஜாயிண்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். அவை ஆடினால் எந்தக் கார்பைடும் உதவாது. வண்டி தரையில் நிற்க, ஹேண்டில் நேராக இருக்க, இரு ஸ்கீ நுனிகளையும் ஒரு ரப்பர் கயிற்றால் உள்ளே இழுத்துக் கட்டுங்கள்; தொய்வு நீங்கும். அளவைப் பிளாஸ்டிக் ஓரத்தில் எடுக்காமல் இரண்டு கார்பைடு விளிம்புகளுக்கு இடையே முன்னும் பின்னும் எடுங்கள். முன்பக்கம் 3 முதல் 6 மி.மீ. வரை விரிந்திருப்பது வழக்கமான அளவு. உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

முதல் 50 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை சாவி போட்டுப் பாருங்கள். டிரெய்லரிலும் கராஜ் சிமெண்ட் தரையிலும் பிளாஸ்டிக் வழித்தடம் போட்டு ஏற்றுங்கள். ஒரு சீசனில் ட்ரெயில் தேய்ப்பதைவிடச் சிமெண்ட் தேய்த்த கார்பைடுகளும் உண்டு.