இரும்பு றிம்மா, அலோய் றிம்மா? வன்னி வீதிகளில் ஓடும் வேகக் கார்களுக்கான ஒப்பீடு

ஹொண்டா ஃபிட் ஆர்.எஸ்., சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போன்ற சிறிய, துடிப்பான கார்கள் தொழிற்சாலையிலிருந்து அலோய் (அலுமினியக் கலப்புலோக) றிம்முடனேயே வருகின்றன. ஆகவே இரும்பா அலோயா என்ற கேள்வி பெரும்பாலும் ஒரு றிம் உடைந்த அன்றுதான் எழுகிறது. எனக்கு அது மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால், ஒரு மதகின் விளிம்பில் எழுந்தது.

அலோய் பாரம் குறைந்தது என்பது எல்லோரும் சொல்லும் முதற் காரணம். அலுமினியத்தின் அடர்த்தி ஏறத்தாழ 2.7, இரும்பினுடையது 7.85. ஆனால் றிம்மின் எடை அந்த விகிதத்தில் மூன்றிலொன்றாகிவிடுவதில்லை. அலுமினியத்தின் விறைப்பு இரும்பின் விறைப்பில் மூன்றிலொரு பங்கே என்பதால், வார்ப்பு அலோயைத் தடிப்பாகவே செய்ய வேண்டியிருக்கிறது. 15 அங்குல இரும்பு றிம் 8 அல்லது 9 கிலோ இருந்தால், அதே அளவு வார்ப்பு அலோய் 6 முதல் 8 கிலோ வரை இருக்கும். அழகுக்காக வாங்கும் மலிவான 17 அங்குல அலோய் சில வேளைகளில் அந்த 15 அங்குல இரும்பு றிம்மையும்விடப் பாரமானது. அடித்து உருவாக்கிய அலோய் உண்மையிலேயே இலேசானது, ஆனால் அதன் விலை வேறு உலகம்.

சரி, ஒரு சில்லுக்கு 2 கிலோ குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். றிம்மின் விளிம்பில் உள்ள 1 கிலோ, காருடன் முன்னோக்கிச் செல்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், வேகமெடுக்கும்போது ஏறத்தாழ 1.4 கிலோவாக நடந்துகொள்கிறது. நான்கு சில்லுகளுக்கும் 11 கிலோ. 1,100 கிலோ காரில் அது நூற்றுக்கு ஒரு பங்கு. பின் ஆசனத்திலிருந்து ஒன்றரை வயதுக் குழந்தையை இறக்கிவிட்டதற்குச் சமம். வேகமெடுப்பில் இதை உணர்ந்ததாகச் சொல்பவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பலன் வேறிடத்தில் இருக்கிறது. சில்லு, ரயர், பிரேக் எல்லாம் சேர்ந்து சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் பாரம் குறையக் குறைய, ரயர் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து பற்றிக்கொள்ளும். கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையான ஏ-9இன் வழுவழுப்பான காபெற் வீதியில் இது பெரிதாகத் தெரியாது. ஒட்டுப்போட்ட உட்பாதையில் வளைவெடுக்கும்போதுதான் தெரியும்.

அடிபடும் விதத்தில்தான் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. இரும்பு சீக்கிரம் வளையும். வளைந்தாலும் பெரும்பாலும் சில்லு வீடுவரை உருண்டுவிடும், ரயர்க் கடையில் சுத்தியலால் தட்டி விளிம்பை நிமிர்த்தி மறுபடி காற்றடிக்கலாம். அலோய் அதைவிடக் கூடுதலான அடியைத் தாங்கும், ஆனால் எல்லை கடந்தால் வெடிப்பு விழும். அன்று மதகில் அடித்தபோது வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த நாட்காலை ரயர் பாதி இறங்கியிருந்தது. கடைக்காரர் சில்லைக் கவிழ்த்து, உட்பக்கத்தில் சவர்க்கார நுரையைத் தூரிகையால் பூசியபோது, தலைமயிர் அளவு வெடிப்பொன்றிலிருந்து சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன. "ஒட்டித் தரலாம் தம்பி, ஆனால் முன் சில்லுக்குப் போடாதையும்" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது: நல்ல வார்ப்பு அலோயை 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உடனே குளிர்வித்து, பதப்படுத்தித்தான் அதன் உறுதியைப் பெறுகிறார்கள், வெல்டிங் செய்யும் வெப்பம் அந்தப் பதத்தை அவ்விடத்தில் அழித்துவிடுகிறது. முன் சில்லுக்கு மட்டுமல்ல, வேகமாக ஓட்டும் காரில் அதைப் பின் சில்லுக்கும் நான் போடமாட்டேன்.

ஆனால் என் றிம்மை உடைத்தது அலோய் என்பதைவிட அதன் அளவு என்றே நினைக்கிறேன். 205/40 ஆர் 17 ரயரின் (அகலம் 205 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் நூற்றுக்கு 40, றிம் 17 அங்குலம்) பக்கச்சுவர் 82 மில்லிமீற்றர். 185/55 ஆர் 16க்கு 102. 175/65 ஆர் 15க்கு 114. கடைசி இரண்டின் மொத்த விட்டத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே வேறுபாடு என்பதால் வேகமானியும் பிழை காட்டாது. ஆகவே 16இலிருந்து 15க்கு இறங்குவது, றிம்முக்கும் மதகுக்கும் இடையில் 12 மில்லிமீற்றர் இறப்பரைக் கூடுதலாக வைப்பதாகும். பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கலிப்பரில் முட்டாமல் றிம் சுழல்கிறதா என்பதை மட்டும் முதலில் பொருத்திப் பார்க்க வேண்டும்.

பிரேக் சூட்டை வெளியேற்றுவதில் அலோய் மேல். என்றாலும் நகருக்கு வெளியே மணிக்கு 70 கிலோமீற்றர் என்ற சட்ட எல்லையும், இரவில் தாரின் வெதுவெதுப்பில் படுத்திருக்கும் மாடுகளும் உள்ள இடத்தில் அது பேசிப் பயனில்லை.

உப்புக்காற்றில் இரண்டுமே தோற்கும். ஆனையிறவு, முல்லைத்தீவுக் கரைப் பக்கங்களில் இரும்பு கறள் பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். அலோய், ரயர் அமரும் உள்விளிம்பில் வெள்ளைத் தூளாகப் பூத்துக் காற்றைக் கசியவிடும். சில்லு பொருந்தும் இரும்பாலான ஹப்போடு அலோய் ஒட்டிக்கொண்டு கழற்றவும் விடாது. ரயர் மாற்றும்போது விளிம்பைத் தேய்த்துத் துப்புரவாக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

பழைய யப்பான் அலோய் வாங்குவோர் பின்பக்கத்தில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற யப்பானியத் தர முத்திரைகளைத் தேடவேண்டும். ஃபிட்டுக்கு 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் நான்கு நட்டு, 2005க்குப் பிந்திய ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு 114.3இல் ஐந்து. றிம்மின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் வளையம் போட்டு நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை தரம் பலன்ஸ் பண்ணினாலும் ஸ்டியரிங் ஆடும்.

வீட்டிலிருந்து தார் வீதிக்கு வரவே பல கிலோமீற்றர் கிரவல் பாதையில் அன்றாடம் ஓடுபவருக்கு 15 அங்குல இரும்பே என் பரிந்துரை. பெரும்பாலும் ஏ-9இல் ஓடுபவர் 15 அங்குல வார்ப்பு அலோயை எடுக்கலாம். நானும் அதையே எடுத்து, உதிரிச் சில்லுக்கு ஹொண்டாவின் பழைய இரும்பு றிம்மை வைத்திருக்கிறேன். ஒரு கவனம்: ஹொண்டாவின் சொந்த றிம்களில் நட்டு அமரும் இடம் உருண்டை வடிவானது, வெளிச்சந்தை அலோயில் பெரும்பாலும் கூம்பு வடிவானது. மாறிப் போட்டால் இறுகியதுபோல் காட்டி ஓட்டத்தில் தளரும். ஆகவே இரும்பு றிம்முக்குரிய நான்கு நட்டுகள் ஒரு பையில் கட்டப்பட்டு ஜக்கோடு சேர்ந்தே என் டிக்கியில் கிடக்கின்றன.