காதிரைச்சல் கருவிகள்: நாக்கில் ஒன்று, கழுத்தில் ஒன்று, காதில் ஒன்று

ஒலி புகாத சிறிய அறையில் என்னை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, "உங்கள் காதுக்குள் கேட்பது இந்தச் சத்தமா, இல்லை இதுவா?" என்று ஆடியோலஜிஸ்ட் ஒவ்வொரு சுருதியாக ஒலிக்கவிட்டுக்கொண்டே வந்தார். 6000 ஹெர்ட்ஸை நெருங்கியபோது வெளியே கேட்ட சத்தமும் உள்ளே கேட்ட சத்தமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அடுத்து அதன் உரப்பை அளந்தார். மூன்று வருடங்களாக என் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்த அந்த ஙொய்யென்ற ஓசை, அந்தச் சுருதியில் எனக்குக் கேட்கத் தொடங்கும் எல்லையிலிருந்து ஐந்தே டெசிபல்தான் மேலே இருந்தது. இயந்திரம் பழுதாக இருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பெரும்பாலோருக்கு இப்படிச் சில டெசிபல்கள்தான் வரும் என்றும், அளவு எவ்வளவு என்பதற்கும் அவதி எவ்வளவு என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது என்றும் அவர் விளக்கினார்.

காதிரைச்சலுக்கென்று வந்திருக்கும் எந்தப் புதிய கருவியைப் பற்றிப் படிக்கும்போதும் நான் அந்த ஐந்து டெசிபலை நினைத்துக்கொள்கிறேன். ஒரு கருவி சத்தத்தைக் குறைக்கிறதா, அல்லது சத்தத்தால் வரும் அவதியைக் குறைக்கிறதா என்பது முதல் கேள்வி. குறைத்தது என்றால் எதோடு ஒப்பிட்டுக் குறைத்தது என்பது இரண்டாவது கேள்வி. விளம்பரங்கள் இவ்விரண்டையும் கலந்தே பேசுகின்றன.

டின்னிட்டஸ் எனப்படும் இந்தக் குறை அரிதானதல்ல. வயது வந்தவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கு அது ஏதோ ஒரு அளவில் உண்டு என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான ஒரு கட்டுரை மதிப்பிட்டது. உட்செவியின் மயிரணுக்கள் வயதாலோ இரைச்சலாலோ சேதமடைந்து, மூளைக்குப் போய்ச் சேர வேண்டிய சமிக்ஞை குறையும்போது, மூளை தன் பங்குக்கு ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிவிடுகிறது என்பதும், அந்தப் பெருக்கத்தில் எழும் இரைச்சலே நமக்குக் கேட்கிறது என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இதைத் தீர்ப்பதற்கென்று அமெரிக்க உணவு மருந்து ஆணையம் ஒப்புதல் கொடுத்த மாத்திரை ஒன்றுகூட இல்லை. எனக்கு முதன்முதலில் எழுதித் தரப்பட்டது பீட்டாஹிஸ்டின். காதிரைச்சலுக்கு மட்டும் என்றால் அதைக் கொடுக்கவே வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது என்பதை இரண்டு அட்டை மாத்திரைகளை விழுங்கி முடித்த பிறகுதான் அறிந்துகொண்டேன். மாத்திரை இல்லாத இடத்தில் கருவிகள்மேல் நம்பிக்கை குவிவது இயல்புதான்.

அவற்றில் இன்று அதிகம் பேசப்படுவது அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்த நியூரோமாட் நிறுவனத்தின் லெனையர். ஹெட்போன் வழியாகச் சில ஒலிகள் காதில் கேட்டுக்கொண்டிருக்க, 32 மின்முனைகள் பதித்த ஒரு சிறு தகடு நாக்கின்மேல் மெல்லிய மின்துடிப்புகளைக் கொடுக்கிறது. சின்ன வயதில் ரேடியோவின் 9 வோல்ட் பேட்டரியை நாக்கில் வைத்து விளையாடியவர்களுக்கு அந்தச் சுருக்கென்ற கூச்சம் நினைவிருக்கும். இது அதைவிட மென்மையானது, சோடா நுரை பட்டதைப் போன்றது என்று பயன்படுத்தியவர்கள் சொல்கிறார்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வரை, ஏறக்குறைய 12 வாரங்கள் இதைச் செய்ய வேண்டும். காதும் தொடு உணர்வும் ஒரே நேரத்தில் தூண்டப்படும்போது, காதுக்குள் கேட்கும் பொய்யொலியில் சிக்கியிருக்கும் மூளையின் கவனம் விலகிப் பழக்கம் மாறும் என்பதே இதன் பின்னாலுள்ள கருத்து.

டப்ளினிலும் ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க்கிலும் 326 பேரிடம் நடந்த இதன் முதல் பெரிய ஆய்வு 2020இல் வெளியானது. ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களில் 86.2 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம் என்ற எண் அதிலிருந்து வந்ததுதான். எண்ணைப் பார்த்தவுடன் பணப்பையைத் தேடுகிறவர்கள் அதன் பின்னால் இருக்கும் அளவுகோலையும் பார்க்க வேண்டும். 'இந்தச் சத்தத்தால் உங்களுக்குத் தூங்கச் சிரமமாக இருக்கிறதா' என்பதைப் போன்ற 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் கொடுக்கப்படுகிறது. ஆம் என்றால் 4, சில வேளைகளில் என்றால் 2, இல்லை என்றால் 0 என்று கூட்டி 100க்கு மதிப்பெண் போடுகிறார்கள். அதில் 7 புள்ளிகளாவது குறைந்தால்தான் அந்த மாற்றத்துக்குப் பொருள் உண்டு என்பது துறையின் வழக்கம். அந்த ஆய்வில் சராசரியாக 14 புள்ளிகளை ஒட்டிக் குறைந்தது, ஓராண்டுக்குப் பிறகும் பெரும்பாலோருக்கு அது நிலைத்தது. இவை இரண்டும் நல்ல செய்திகள். ஆனால் ஆய்வின் மூன்று குழுக்களும் பெற்றது உண்மையான தூண்டலையே. ஒவ்வொன்றுக்கும் அமைப்பு மட்டும் வேறு. பார்க்க அதேபோல் இருந்தும் தூண்டல் எதையும் தராத போலிக் கருவியைப் பெற்ற குழு என்று ஒன்று அதில் கிடையாது.

போலிக் கருவி என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்காகச் சற்று விலகிச் செல்கிறேன். காதிரைச்சல் ஏறி இறங்கும் குணம் உடையது. ஒருவர் ஆய்வில் சேர முன்வருவதோ, கருவிக்குப் பணம் கட்டுவதோ பெரும்பாலும் அது உச்சத்தில் இருக்கும் நாட்களில்தான். உச்சத்திலிருந்து அடுத்துப் போகும் திசை, கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கீழ்நோக்கியதாகவே இருக்கும். இதோடு வாராவாரம் கேட்டுப் பார்க்க ஒரு நிபுணர், நாள்தோறும் ஒரு மணி நேரம் அமைதியாக உட்காரும் பழக்கம், பணம் போட்டுவிட்டோமே என்ற நினைப்பு ஆகியவையும் சேர்ந்தால், தகட்டில் மின்சாரமே ஓடாவிட்டாலும் மதிப்பெண் குறையத்தான் செய்யும். 'எனக்குப் பலித்தது' என்று ஒருவர் சொல்வதை நான் ஒருபோதும் பொய் என்று கொள்வதில்லை. எதனால் பலித்தது என்பதை மட்டும் அவரால் சொல்ல இயலாது.

போலிக் குழு இல்லாத குறையை ஓரளவுக்கு ஈடுகட்டவே நியூரோமாட் மூன்றாவது ஆய்வை வேறு விதமாக அமைத்தது. 112 பேர் முதல் 6 வாரங்கள் ஒலியை மட்டும் கேட்டார்கள், அடுத்த 6 வாரங்கள் ஒலியோடு நாக்குத் தூண்டலையும் பெற்றார்கள். நடுத்தரமான அல்லது அதற்கும் மேலான அவதி உடையவர்களில், ஒலி மட்டும் கேட்ட கட்டத்தில் 43.2 விழுக்காட்டினரும், இரண்டும் சேர்ந்த கட்டத்தில் 58.6 விழுக்காட்டினரும் பொருள்படும் முன்னேற்றம் கண்டார்கள். இதன் அடிப்படையில் 2023 மார்ச்சில் அமெரிக்க ஆணையம் லெனையருக்கு அனுமதி கொடுத்தது. 86 என்ற எண்ணைவிட இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள பதினைந்து புள்ளிகளைத்தான் நான் நம்புகிறேன். நாக்குத் தகட்டின் தனிப் பங்கு அவ்வளவுதான், அதுவும் அவதி கூடியவர்களுக்கு மட்டும்தான். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை என்பதை அந்த ஆய்வுக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. தவிர, எது எப்போது வருகிறது என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் நாக்கில் கூச்சம் தெரியாமல் இருக்காது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் வளர்த்தெடுத்த கருவி இங்கேதான் வேறுபடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள்தான்: இதிலும் காதில் ஒலி, உடம்பில் மின்துடிப்பு. ஆனால் இதன் மின்முனைகள் கழுத்திலோ கன்னத்திலோ ஒட்டப்படுகின்றன, குறி வைக்கப்படும் இடமும் திட்டவட்டமானது. செவி நரம்பு மூளைத்தண்டில் போய்ச் சேரும் முதல் நிலையமான கோக்ளியர் நியூக்ளியஸின் ஒரு பகுதி, காதிலிருந்து மட்டுமல்லாமல் முகம், கழுத்து ஆகியவற்றின் தொடு நரம்புகளிலிருந்தும் செய்தி பெறுகிறது. அங்குள்ள உயிரணுக்கள் தேவையில்லாமல் ஒத்திசைந்து துடிப்பதே பொய்யொலிக்குக் காரணம் என்பதை ஷோரின் குழு முதலில் கினிப் பன்றிகளில் காட்டியது. ஒலிக்கும் மின்துடிப்புக்கும் இடையிலுள்ள மில்லிவிநாடி இடைவெளியைச் சரியாக வைத்தால் அந்த ஒத்திசைவு தளர்கிறது, இடைவெளி மாறினால் பலனும் மாறுகிறது. ஒரு கருவியின்மேல் எனக்கு மதிப்பு வருவதற்கு இதைப்போன்ற ஒரு நுணுக்கம் போதும், ஏனென்றால் தவறு என்று நிரூபிக்கக்கூடிய ஒன்றை அது முன்வைக்கிறது.

ஆய்வின் அமைப்பும் கறாரானது. 2018இல் 20 பேரிடமும், 2023இல் 99 பேரிடமும், எந்தக் கட்டத்தில் எது ஓடுகிறது என்பது பங்கேற்பவருக்கும் அளப்பவருக்கும் தெரியாத முறையில் நடத்தினார்கள். 2023 ஆய்வில் ஒரு பாதியினர் முதல் 6 வாரங்கள் உண்மைச் சிகிச்சையையும், மறு பாதியினர் ஒலியை மட்டும் பெற்றார்கள், பிறகு ஓர் இடைவெளி விட்டு இடம் மாற்றிக்கொண்டார்கள். மின்துடிப்பு தோலில் உணர முடியாத அளவுக்கு மெல்லியதாக வைக்கப்பட்டதால்தான் இந்த மறைப்பு சாத்தியமாயிற்று. உண்மைச் சிகிச்சையில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் குறிப்பிடத்தக்க நிவாரணம் கண்டார்கள். அவதி மட்டுமல்லாமல் சத்தத்தின் உரப்பும் குறைந்தது. என் முதல் கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகளில் நேரடியானது இதுவே.

இதிலும் ஓட்டைகள் உண்டு. தாடையை இறுக்கினாலோ கழுத்தைத் திருப்பினாலோ சத்தம் மாறுகிறவர்கள் மட்டுமே இதில் சேர்க்கப்பட்டார்கள், கடுமையான செவித்திறன் இழப்பு உடையவர்கள் சேர்க்கப்படவில்லை. முதல் கட்டத்தின் பலன் இடைவெளியைத் தாண்டியும் நீடித்ததால் இரண்டாம் கட்டத்தை ஒப்பிடுவது சிக்கலாயிற்று. நோயாளிக்கு அது நல்லது, ஆய்வாளருக்குத் தலைவலி. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்த முடிவுகள் வெளியானபோது கருவி கடையில் இல்லை என்பது. ஆரிக்கிள் என்ற நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவரும் என்ற அறிவிப்பு மட்டுமே கையில் கிடைத்தது. வாங்கக் கிடைப்பதன் சான்று சற்று மெலிந்தது, சான்று வலுவானது வாங்கக் கிடைக்கவில்லை: காதிரைச்சல்காரர்களின் பொறுமையின்மை முழுவதும் இந்த ஒரு முரணில் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது போட்டியாளரைப் புதுக் கருவி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் செவிப்புலன் கருவி, மூளை பசியோடு தேடும் சமிக்ஞையை வெளியிலிருந்தே கொடுத்துவிடுகிறது. செவித்திறன் குறைந்தவர்களுக்கு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்பது அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்கள் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இதோடு சேர்த்து அச்சங்கம் பரிந்துரைப்பது, சத்தத்தைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அதில் மின்சாரமும் கிடையாது, தகடும் கிடையாது, ஒரு உளவியலாளரும் ஒரு நோட்டுப்புத்தகமும்தான். 28 ஆய்வுகளை அலசிய காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு, அது அவதியைக் குறைக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. சத்தத்தை அது குறைப்பதில்லை, குறைப்பதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. இந்த நேர்மையே அதன் விற்பனைக்குத் தடை. 'சத்தம் அப்படியே இருக்கும், ஆனால் அதோடு உங்களுக்குள்ள சண்டை ஓயும்' என்று சொல்லும் ஒன்றை நடுராத்திரியில் தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டிருப்பவர் தேடிப் போவதில்லை.

இந்தப் பந்தயத்தில் பாதியில் நின்றவற்றையும் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்தில் பீட்டர் டாஸ் உருவாக்கிய ஒலி ஒழுங்குக் கருவி 2012இல் 63 பேரிடம் நடந்த ஆய்வோடு பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பிப் பின் ஓய்ந்தது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுக்கும் முறையை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம் என்றே மேற்சொன்ன 2014 வழிகாட்டுதல் சொன்னது. டெக்சாஸில் எலிகளின் கழுத்து வழியாகச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டிக் காதிரைச்சலைப் போக்கிய ஆய்வு 2011இல் நேச்சர் இதழிலேயே வந்தது. அந்தக் கருவி கடைசியில் பக்கவாதத்தால் செயலிழந்த கையைப் பழக்குவதற்காக 2021இல் ஒப்புதல் பெற்றது. காதுக்காகப் புறப்பட்டது கைக்குப் போய்ச் சேர்ந்தது.

எனவே, யாருக்கு எது? ஒரு காதில் மட்டும் சத்தம், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் சத்தம், திடீரென்று கேட்காமல் போனதோடு தொடங்கிய சத்தம் என்றால் எந்தக் கருவியையும் தேடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். திடீர்ச் செவிட்டுத்தன்மைக்குத் தாமதமின்றிச் சிகிச்சை தொடங்கினால்தான் மீளும் வாய்ப்பு கூடுகிறது. அதெல்லாம் இல்லை என்று தெளிந்த பிறகு, செவித்திறன் குறைந்திருந்தால் செவிப்புலன் கருவியில் தொடங்குவதே என் கணக்கு, ஏனென்றால் காதிரைச்சல் குறையாவிட்டாலும் பேச்சாவது கேட்கும். லெனையரின் விலை அமெரிக்காவில் 4000 டாலரைத் தாண்டுகிறது. அந்த 100 மதிப்பெண் படிவத்தில் நடுத்தர அவதி தொடங்கும் 38 அல்லது அதற்கு மேல் வருகிறவர், அந்தத் தொகையை இழந்தாலும் தாங்கக்கூடியவர், பலன் அவதியில்தான் தெரியும், சத்தம் அணைந்துவிடாது என்பதை ஏற்கிறவர் ஆகியோர் அதை முயன்று பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன். படிவத்தில் 20 வாங்குகிறவர் அதற்குச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் செவிப்புலன் கருவியைத்தான் எடுத்துக்கொண்டேன். பகலில், அதை மாட்டியிருக்கும்போது, சத்தத்தை மறந்துபோகும் மணிநேரங்கள் உண்டு. இரவில் கழற்றி வைத்ததும் அது பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மிச்சிகன் ஆய்வைப் படித்த அன்று படுக்கையில் தாடையை இறுக்கிப் பார்த்தேன். ஙொய்யென்ற ஓசை சட்டென்று ஒரு படி ஏறியது, தளர்த்தியதும் இறங்கியது. நான்கைந்து முறை அப்படிச் செய்து பார்த்துவிட்டு, அந்தக் கருவியைப் பற்றி ஏதேனும் புதுச் செய்தி வந்திருக்கிறதா என்று மறுபடியும் கைப்பேசியை எடுத்தேன்.