பழைய டெஸ்க்டொப்ப ஹொஸ்டல் நெட்டில கொழுவ எது நல்லம்: கேபிளா, டோங்கிளா, ஃபோனா?

இந்த முறை ஃபர்ஸ்ட் இயர் புள்ளைகள் ஹொஸ்டல்ல சாமான் இறக்கின அண்டைக்கு ஒரு தங்கச்சி கல்முனைப் பக்கத்து பஸ்ஸில இருந்து சீபீயூவ பெட்சீட்டால சுத்தி மடியில வெச்சபடி வந்து இறங்கினா. அவட மாமாட கடையில பில் அடிச்ச மெசின். கோர் டூ டுவோ, ரெண்டு ஜீபீ ரேம், விண்டோஸ் 7. புது லெப்டொப் எண்டா லட்சத்துக்கு மேல போகுது, வீட்டில ஏலாது, கையில இரிக்கிறது இதுதான். "அக்கா, இதில ஹொஸ்டல் நெட் வருமா?" எண்டு கேட்டா. வரும். எந்த வழியால கொண்டாறது எண்டுறதிலதான் ஆக்கள் காசையும் நாளையும் விடுறாங்க. அந்தப் புள்ளைக்கு நாங்க எல்லா வழியும் செஞ்சு பாத்ததால சொல்றன்.

எந்த வழிக்குப் போறதுக்கு முதலும் மெசின்ட தேதியப் பாருங்க. அவட மெசின ஓன் பண்ணினா 2009 ஜனவரி எண்டு காட்டிச்சு. மதர்போர்ட்டில காசு மாதிரி வட்டமா ஒரு பட்டரி இரிக்கும், சீஆர் 2032, அது செத்திருந்தா ஒவ்வொரு தரமும் பிளக்க இழுத்தவுடன தேதி பின்னுக்குப் போயிரும். தேதி பிழையெண்டா எந்த வெப்சைட்ட செர்டிபிகேட்டையும் பிரவுசர் நம்பாது, லொகின் பக்கம் கூட திறக்காது, நாம நெட் வரல்ல எண்டு கேபிளையும் டிரைவரையும் போட்டுப் புடுங்கிக்கிட்டு இரிப்பம். கைக்கடிகாரக் கடையிலயே அந்த பட்டரி கிடைக்கும். அத மாத்தினாத்தான் மிச்சக் கதை.

முதல் கேபிள். சுவர்ல லேன் சொக்கெட் உயிரோட இரிக்கிற ரூம் எண்டா பழைய மெசினுக்கு இது நிம்மதியான வழிதான். லேன் போர்ட் மதர்போர்ட்டிலயே இரிக்கும், இல்லாட்டி ரியல்டெக் 8139 மாதிரி பழைய கார்ட் பழசு விக்கிற கடைகள்ல கிடக்கும், அத ஓட்டுற டிரைவர் சொஃப்ட்வெயார் விண்டோஸ் எக்ஸ்பீயிலயும் இரிக்கி, விண்டோஸுக்குப் பதிலா சும்மா போடக்கூடிய லினக்ஸிலயும் இரிக்கி. அந்தத் தங்கச்சிட ரூம்ல முதல் நாள் கேபிள் கொழுவினா லைட் பத்துது, நெட் இல்ல. கமாண்ட் பெட்டியில ஐபிகான்ஃபிக் அடிச்சுப் பாத்தன், 169.254 எண்டு தொடங்குற ஐபி, அதாவது நெட்வேர்க்கில மெசின்ட விலாச நம்பர். இந்த நம்பரக் கண்டா விளங்கிக்கணும், மெசின் கேட்ட ஐபிய ஒருத்தரும் குடுக்கல்ல, அது தானா ஒரு நம்பர வெச்சிக்கிட்டு நிக்குது. லைட் பத்தியும் இப்பிடி வந்தா ஒண்டில் ஐபி குடுக்கிற சேவர் வரைக்கும் லைன் போய்ச் சேரல்ல, இல்லாட்டி மெசின்ட மெக் அட்ரஸ், அதாவது நெட்வேர்க் கார்ட்ட அடையாள நம்பர், பதியல்ல. ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் எண்டு அடிச்சா ஃபிசிக்கல் அட்ரஸ் எண்டு பன்னெண்டு எழுத்து வரும், அதுதான் மெக் அட்ரஸ், அத ஒரு துண்டில எழுதி நெட்வேர்க் பாக்குறவர்ட்ட குடுத்தம், பதிஞ்ச புறகு வந்திச்சு. சில இடத்தில கேபிளுக்கும் யூசர்நேம் பாஸ்வேர்ட் கேக்கும், அப்ப விண்டோஸில வயர்ட் ஓட்டோகான்ஃபிக் எண்ட சேர்விஸ ஸ்டார்ட் பண்ணணும், பண்ணாட்டி அந்த ஓதென்டிகேஷன் டெப் கண்ணுக்கே தெரியாது.

கேபிள் பழசு எண்டு உடனே எறியாதீங்க. உள்ளுக்க எட்டு வயர் இரிக்கி, ஆனா 100 எம்பிபிஎஸ்க்கு வேலை செய்யிறது நாலுதான், ஒண்டு ரெண்டு மூண்டு ஆறாவது பின். நீலச் சோடியும் மண்ணிறச் சோடியும் அறுந்து கிடந்தாலும் இந்தப் பழைய கார்ட்டுக்கு கேபிள் நல்ல கேபிள்தான். அவ கொண்டு வந்த கேபிள்ல மண்ணிற வயர் ஒண்டு வெளியில தெரிஞ்சுது, இண்டைக்கும் அதாலதான் ஓடுது. கிகாபிட்டுக்குத்தான் எட்டும் வேணும்.

கேபிள்ல எனக்குப் பயம் ரெண்டு விசயத்தில. ஒண்டு இடி. ஐப்பசி கார்த்திகையில நம்மட பக்கம் பின்னேரத்தில இடி முழங்கினா பவர் பிளக்க மட்டும் இழுத்துப்போட்டு லேன் வயர அப்பிடியே விடுறவங்கதான் கூட, அந்த வயரால வாற அடி மதர்போர்ட்டையே கொண்டு போயிரும். மற்றது வைரஸ். பழைய விண்டோஸ ஹொஸ்டல் லேன்ல நேரா கொழுவினா பக்கத்து ரூம் மெசின்கள்ல இரிக்கிறது எல்லாம் நேர இஞ்ச வரலாம். 2003ல பிளாஸ்டர் வந்ததும் 2017 மே மாசம் வன்னாக்ரை வந்ததும் இப்பிடித்தான், ஒரு மெசின்ல இருந்து மற்ற மெசினுக்கு, ஆரும் ஒண்டையும் கிளிக் பண்ணத் தேவையில்லாம. எக்ஸ்பீக்கு மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல்லயே கைய விட்டுட்டு, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி. எக்ஸ்பீ போட்ட மெசின கேபிள்ல கொழுவத் தாங்க எண்டு எண்ட தம்பியே கேட்டாலும் நான் மாட்டன்.

இனி யூஎஸ்பி வை-ஃபை டோங்கிள். எல்லாரும் முதல்ல ஓடிப்போய் வாங்குறது இதத்தான், சின்னது, மலிவு. வீட்டு ரவுட்டருக்கு ஒரு குறையும் இல்ல. கேம்பஸ் வை-ஃபை அப்பிடி இல்ல, அங்க ஆளாளுக்கு யூசர்நேம் பாஸ்வேர்ட். நம்மட நாட்டு யூனிவசிட்டிகளை இணைக்கிற லேர்ன் வலையமைப்பு நடத்துற எடுரோம் எண்ட வை-ஃபையும் அந்த வகைதான். இதில பாஸ்வேர்ட் போறதுக்கு முதல் மெசினும் சேவரும் டீஎல்எஸ் எண்ட பூட்டால கதைக்கும், விண்டோஸ் 7 சும்மா விட்டா அதில 1.0 வெர்ஷன்தான் கதைக்கும், புது சேவர்கள் அத ஏத்துக்கொள்ளாது. பாஸ்வேர்ட் சரி, சிக்னல் ஃபுல், ஆனா திரும்பத் திரும்ப பாஸ்வேர்ட் பெட்டிதான் வந்து நிக்கும். அந்தத் தங்கச்சி பாஸ்வேர்ட்தான் பிழையாக்கும் எண்டு மூண்டு தரம் மாத்தினா, பாவம். இதுக்கு கேபீ 2977292 எண்ட அப்டேட்ட போட்டு ரெஜிஸ்ட்ரியில டீஎல்எஸ்வெர்ஷன் எண்டு ஒரு வெல்யூவும் வைக்கணும், செஞ்சா வேலை செய்யும், ஆனா இது கம்பியூட்டர் தெரிஞ்ச ஒராள் பக்கத்தில இரிந்தாத்தான். மறுகா, மலிவு டோங்கிள்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ்ல மட்டும்தான் ஓடும், அதில ஒண்டோடொண்டு முட்டாத சேனல் மூண்டுதான், 1, 6, 11. இரவு எட்டு மணிக்கு ஹொஸ்டல்ல எல்லாரும் ஓன்லைன்ல, நெட் நத்தை மாதிரி ஊரும். லினக்ஸ் போடுற யோசனை எண்டா ஆதெரோஸ் 9271 இல்லாட்டி ராலிங்க் 5370 சிப் உள்ளதாப் பாத்து வாங்குங்க, டிரைவர் தேடி அலையத் தேவையில்ல.

எண்ட கணக்கில முதலிடம் ஃபோனுக்கு. டேட்டா காட் போடுற கதை இல்ல இது. ஆண்ட்ராய்ட் ஃபோன ஹொஸ்டல் வை-ஃபைல கொழுவிட்டு யூஎஸ்பி வயரால மெசின்ல குத்தி யூஎஸ்பி டெதரிங்க, அதாவது ஃபோன்ட நெட்ட வயரால பகிருற செட்டிங்க, ஓன் பண்ணினா, பெரும்பாலான ஃபோன்கள் அந்த வை-ஃபையையே மெசினுக்குக் குடுக்கும். யூசர்நேம், பாஸ்வேர்ட், டீஎல்எஸ் எல்லாம் ஃபோன் பாத்துக்கும், பழைய மெசினுக்கு இது வெறும் ஒரு நெட்வேர்க் கார்ட். விண்டோஸ் 7 தானா பிடிக்கும், லினக்ஸும் அப்பிடித்தான். இன்னொரு நன்மை, மெசின் ஃபோனுக்குப் பின்னுக்கு ஒளிஞ்சு நிக்கிறதால ஹொஸ்டல்ல உள்ள மற்ற மெசின்கள் நேரா அதத் தொட ஏலாது. ஐஃபோன்ல இது சரிவராது, அது சிம் டேட்டாவ மட்டும்தான் பகிரும். குறை எண்டா ஃபோன் மேசையோட கட்டுப்பட்டுப் போகும், அம்மா கோல் எடுத்தா வயர் நீளத்துக்குள்ள நிண்டு கதைக்கணும், நாள் முழுக்க சார்ஜ் ஏறி பட்டரியும் சூடாகும். ஹொஸ்டல்ல டெதரிங்குக்குத் தடை இல்லையா எண்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

பழைய ரவுட்டர் ஒண்ட நடுவில வெக்கிறத நான் ஒருத்தருக்கும் சொல்றதில்ல. போன வருசம் எங்கட மாடியில ஒராள் சுவர் வயர ரவுட்டருக்குள்ள நெட் வாற வான் ஓட்டையில குத்தாம, மெசின்களுக்கு நெட் குடுக்கிற லேன் ஓட்டையில குத்திட்டா, அந்த ரவுட்டர் மாடி முழுக்க தன்ட ஐபிய பங்கிட்டு, சோதனைக் கிழமையில ஒண்டரை நாள் ஒருத்தருக்கும் நெட் இல்ல.

எந்த வழியால நெட் வந்தாலும் விண்டோஸ் 7ல குரோம் 109ஓட நிண்டுட்டு, ஃபயர்பொக்ஸ் 115ஓட நிண்டுட்டு. அதனால நாங்க கடைசியில லினக்ஸ் போட்டம். கோர் டூ டுவோ 64 பிட் எண்டதால பிரச்சினை இல்ல, அதுக்கும் பழைய 32 பிட் மெசின் எண்டா டெபியன் எண்ட லினக்ஸ்ட 12வது வெர்ஷன் போடலாம், 13ல அந்த இன்ஸ்டோலர நிப்பாட்டிட்டாங்க. இப்ப அவ கேபிளையும் ஃபோனையும் மாறி மாறிப் பாவிக்கிறா. நூலகம் தளத்தில இருந்து ஸ்கேன் பண்ணின பழைய புத்தகங்கள இறக்க கேபிள், இடி முழங்கத் தொடங்கினா கேபிளக் கழட்டிட்டு ஃபோன், கிட்ட முழங்கினா ரெண்டும் இல்ல, மெசினே ஓஃப். நேத்து அவட முதல் அசைன்மென்ட்ட அந்த மெசின்ல இருந்துதான் அப்லோட் பண்ணினா.