சிஸ்கோ 1841: ஐந்து வருஷத்தில் அதன் மெமரி படிப்பித்தவை

ஹட்டனில் ஒரு மாடியறையில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறேன். 12 மெஷின்களுக்கும் ஒரே ரவுட்டர், சிஸ்கோ 1841. பம்பலப்பிட்டியில் செகண்ட் ஹேண்டாக வாங்கி ஐந்து வருஷம். வேகத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் லைனுக்கு அது தாராளம். என்னை அலைக்கழித்தது அதன் மெமரிதான்.

வாங்கியபோது பழைய சொந்தக்காரரின் பாஸ்வேர்ட் உள்ளேயே இருந்தது. லெப்டொப்பிலிருந்து நேரே ரவுட்டரோடு பேசும் கொன்சோல் கேபிளை மாட்டி, சுவிட்சைப் போட்ட ஒரு நிமிஷத்துக்குள் பிரேக் கீயை அமுக்கினால் ரோம்மன் வரும். ரோம் என்ற அழியாத மெமரியில் நிரந்தரமாகக் கிடக்கும் சின்ன புரோகிராம் அது. அங்கே கொன்ஃபிக் ரெஜிஸ்டரை, அதாவது எப்படி பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் எண்ணை, 2142 ஆக்கினேன். கரண்ட் போனாலும் அழியாத என்விரேம் மெமரியில் இருக்கும் பழைய கொன்ஃபிக்கை, அதாவது சேவ் பண்ணிய செட்டிங்ஸை, பார்க்காமலே பூட் ஆகிவிடும். உள்ளே போய் என் செட்டிங்ஸைப் போட்டு, மறக்காமல் அதைச் சேவ் பண்ணும் 'ரைட் மெமரி' கட்டளையும் அடித்தேன்.

ஏப்ரல் மாதம் ஒரு பின்னேரம் இடி இடித்து கரண்ட் போய் வந்தது. "சேர், நெட் இல்ல." போய்ப் பார்த்தால், பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது மாதிரி புதிதாக செட்டப் பண்ணவா, 'யெஸ்ஸா நோவா' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. சேவ் பண்ணவில்லையோ என்று என்னையே திட்டிக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப டைப் பண்ணினேன். அடுத்த கிழமையும் அதே கதை. மூன்றாம் தரம்தான், ரவுட்டரின் விவரங்களைக் காட்டும் 'ஷோ வெர்ஷன்' கட்டளையின் கடைசி வரியில் கண் போனது: கொன்ஃபிக் ரெஜிஸ்டர் இன்னும் 2142. என்விரேம் எல்லாவற்றையும் பத்திரமாகத்தான் வைத்திருந்தது. அதைத் திறக்காதே என்று சொல்லி வைத்தவன் நான். வழமையான 2102க்கு மாற்றினேன். அதன்பிறகு கரண்ட் எத்தனை தரம் போனாலும் கொன்ஃபிக் போனதில்லை.

அந்த 'ஷோ வெர்ஷன்' திரையை நிதானமாகப் படிக்கலாம். என்னுடையதில் 114688கே / 16384கே என்று இருந்தது. முதலாவது புரோசசருக்கு, மற்றது பாக்கெட்டுகள் வந்து தங்கிப் போக. கூட்டினால் 128 எம்பி டிரேம், அதாவது ஓடும்போது பாவிக்கும் மெமரி. அப்போது ஓடிக்கொண்டிருக்கும் ரன்னிங் கொன்ஃபிக், எந்தப் பாக்கெட் எந்த வழி என்ற ரவுட்டிங் டேபிள், எந்த ஐபி எந்த மெஷின் என்ற ஏஆர்பி டேபிள் எல்லாம் இதில்தான். கரண்ட் போனால் துடைத்து எடுத்தது மாதிரி. என்விரேம் வெறும் 191கே. என் கொன்ஃபிக் அதில் ஒரு மூலைக்குக் காணாது. டிரேமை 384 எம்பி வரை ஏற்றலாம், நான் ஏற்றினேன். ரவுட்டரின் இயங்குதளமான சிஸ்கோ ஐஓஎஸ், ஃபிளாஷ் என்ற மெமரி கார்டில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். பூட் ஆகும்போது திரையில் வேலிக்கம்பி மாதிரி ஓடும் அடையாளங்கள், அது டிரேமுக்குள் விரிந்துகொண்டிருப்பதைக் காட்டுபவை. புது வெர்ஷன் பெரிசாக ஆக, டிரேமும் கூட வேண்டும்.

நான்காம் வருஷம், நான் மலிவுக்கு வாங்கிப் போட்ட ஃபிளாஷ் கார்ட் செத்தது. ரோம்மனில் போய் நின்றுவிட்டது. கொன்சோல் கேபிள் வழியாக ஃபைல் அனுப்பும் எக்ஸ்மோடம் முறையில் ஐஓஎஸை ஏற்றலாம்தான், ஆனால் கொன்சோலின் 9600 வேகத்தில் 20 எம்பி ஏற ஆறு மணித்தியாலம். வேறு கார்ட் ஒன்றைக் கார்ட் ரீடரில் போட்டு லெப்டொப்பிலிருந்து ஃபைலைக் கொப்பி பண்ணிச் செருகினேன். பத்து நிமிஷ வேலை. இப்போது அதே மாதிரி இன்னொரு கார்ட், மழைக்கால ஈரம் படாமல் ஒரு தைல டப்பாவில் கிடக்கிறது.

வீட்டுக்கு இதை வாங்க வேண்டாம், ஃபேன் சத்தம் தாங்காது. நெட்வேர்க்கிங் படிக்கிற பிள்ளைகளுக்கு மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். வாங்கினால், முதல் நாளே அந்தக் கடைசி வரியைப் பாருங்கள்.