கோவையின் புதுக் கொங்கு உணவகங்கள்: எதைக் கேட்டு வாங்கலாம், எதை விடலாம்

அவிநாசி ரோடு, சரவணம்பட்டி, வடவள்ளி, சாய்பாபா காலனி என்று எந்தப் பக்கம் போனாலும், புதிதாகத் திறந்த அசைவ உணவகத்தின் போர்டில் 'கொங்கு' என்ற சொல் கண்ணில் படுகிறது. வாசலில் வண்டிச் சக்கரம், உள்ளே ஆட்டுக்கல், சுவரில் காங்கேயம் காளை. மெனுவில் பள்ளிபாளையம் சிக்கன், அரிசிம்பருப்பு சாதம், சந்தகை, கொள்ளுப் பருப்பு, பச்சைப்புளி ரசம் எல்லாம் உண்டு. வீட்டு அடுப்போடும் ஊர் விருந்தோடும் நின்றிருந்த பண்டங்கள் நகரத்து மேசைக்கு வருவது நல்ல மாற்றம்தான். இந்தக் கடைகள் நிலைக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் குறைகளை விரித்து எழுதுகிறோம்.

பெரிய குறை ஒன்றுதான்: எல்லாப் பண்டத்துக்கும் ஒரே கிரேவி. பெரிய வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாம் போட்டுக் காலையிலேயே ஒரு பெரிய அண்டாவில் வதக்கி வைத்துவிடுகிறார்கள். ஆர்டர் வந்ததும் அதில் ஒரு கரண்டி எடுத்து, கோழி கேட்டால் கோழி, கறி கேட்டால் கறி போட்டுப் புரட்டித் தருகிறார்கள். பிற சமையலுக்கு இது ஓரளவு ஒத்துப்போகும், கொங்குச் சமையலுக்கு ஒத்துவராது. சின்ன வெங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், தேங்காய், கடலெண்ணெய் என்ற சின்னப் பட்டியலுக்குள், எதை எப்போது போடுகிறோம் என்பதில்தான் இங்கே ஒரு பண்டம் இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. பொதுக் கிரேவி உள்ளே நுழைந்த கையோடு அந்த வேறுபாடு அழிந்துவிடுகிறது.

ஒரு கடையை எடைபோட முதலில் கேட்க வேண்டியது பள்ளிபாளையம் சிக்கன். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரி ஓரத்து நாமக்கல் மாவட்ட ஊரின் பெயரில் வழங்கும் பண்டம். அரைக் கிலோ கோழியை எலும்போடு சிறு துண்டாக வெட்டி எடுத்தால், சின்ன வெங்காயம் 150 முதல் 200 கிராம், வரமிளகாய் 15 முதல் 20, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் கால் மூடி, மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு, எண்ணெய். முடிந்தது. மிளகாயை இரண்டாகக் கிள்ளி விதையை உதறிவிட வேண்டும். விதையோடு போட்டால் காரம் முன்னால் நிற்கும், மிளகாய்த் தோலின் மணம் பின்னால் போய்விடும், விதை கருகினால் கசப்பும் ஏறும். எண்ணெயில் மிளகாய் நிறம் மாறியதும், கறுப்பதற்குள், வெங்காயம் இறங்க வேண்டும். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் கோழி, மஞ்சள், உப்பு. மூடி போட்டால் கோழி விடும் தண்ணீரிலேயே வேகும். தேவைப்பட்டால் கையால் தெளிக்கலாம், ஊற்றக் கூடாது. முக்கால் பங்கு வெந்த பிறகு தேங்காய். அப்புறம் மூடியை எடுத்து ஈரம் வற்றும்வரை புரட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து 25 நிமிஷத்துக்குக் குறையாது.

ஏழெட்டு நிமிஷத்தில் மேசைக்கு வந்தால், அது ஏற்கெனவே வேகவைத்த கோழியை மிளகாய்ச் சில்லோடு இரும்புச் சட்டியில் புரட்டியது. தட்டைப் பார்த்தாலே தெரியும். மிளகாய்த் துண்டுகள் முழுசாக, பளபளப்பாக, சுருங்கிக் கிடக்க வேண்டும். தட்டின் அடியில் மஞ்சள் கலந்த எண்ணெய் லேசாகப் படிந்திருக்கலாம். சிவப்பாகக் குழைந்த மசாலா நின்றால் அது பொதுக் கிரேவி. தேங்காயைக் கடித்துப் பாருங்கள். கோழிச் சாறு ஏறி, மெத்தென்று, ஆனாலும் பல்லுக்குத் தட்டுப்பட வேண்டும். வெள்ளை வெளேரென்று வறண்டு இருந்தால் கடைசியில் மேலே தூவியது. "ஏனுங்க, பள்ளிபாளையம் இப்பப் போட்டுத் தருவீங்களா, அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லைங்க" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல கடையில் சரி என்பார்கள். கூட்டம் மொய்க்கும் ஞாயிறு மதியம் மட்டும் இதைக் கேட்க வேண்டாம். அன்றைக்கு எந்தச் சமையற்கட்டிலும் தனிச்சட்டி வைக்க இடமிருக்காது.

நாட்டுக்கோழி விஷயத்தில் ஏமாற்றம் அதிகம். உயிரெடை ஒரு கிலோ வாங்கினால் சுத்தம் செய்த பின் 700 கிராமுக்குள்தான் தேறும், வேகவும் பிராய்லரைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆகவே பிராய்லர் விலையை ஒட்டி நாட்டுக்கோழி வறுவல் கொடுக்கிறார்கள் என்றால் கணக்கு இடிக்கிறது. பல கடைகளில் வருவது வனராஜா, கிராமப்பிரியா போன்ற கலப்பினம். இவை ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்காக உருவாக்கிய இனங்கள். கறி மோசமில்லை, ஆனால் பெயரை மாற்றி விற்கக் கூடாது. கொங்கு வழக்கப்படி கோழியை நெருப்பில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, தோலோடு வெட்டுவார்கள். அந்த வாட்டிய வாசம்தான் குழம்பின் பாதி ருசி. தோல் உரித்த நாட்டுக்கோழி வந்தால் மீதிப் பாதிக்கும் உத்தரவாதம் இல்லை. எலும்பைப் பாருங்கள்: ஒல்லியாக, கெட்டியாக இருக்கும், கடித்தால் எளிதில் நொறுங்காது. குழம்பு தண்ணியாக, மேலே மஞ்சள் கொழுப்பு மிதக்க வர வேண்டும். கெட்டிக் குழம்பு கேட்கும் வாடிக்கையாளருக்காக முந்திரி அரைத்து ஊற்றும் கடைகள் பெருகிவிட்டன, அங்கே குழம்பைத் தவிர்த்து வறுவல் வாங்குங்கள்.

அரிசிம்பருப்பு சாதம் எளிமையான பண்டம் என்பதாலேயே கடைகளில் கெடுகிறது. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் முதல் மூன்றில் ஒரு டம்ளர் துவரம் பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர், தாளிக்கச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, ஒரு தக்காளி, மஞ்சள். குக்கரில் வைத்து இறக்கியதும் நெய் ஊற்றிச் சாப்பிட்டால் அரிசி மலர்ந்து, பருப்பு அங்கங்கே கண்ணுக்குத் தெரியும். இதைச் சூடு காக்கும் தொட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பருப்பு தண்ணீரை இழுத்து இறுகும். இளக்குவதற்கு வெந்நீர் ஊற்றிக் கிளறுவார்கள், அரிசி உடைந்து களியாகிவிடும். நிறம் கூட்டச் சாம்பார் பொடி போட்டால் அது சாம்பார் சாதம், வேறு பண்டம். மதியம் பன்னிரண்டரை மணி வாக்கில் முதல் ஈடு இறங்கும்போது வாங்குங்கள். இரவில் வேண்டாம்.

சந்தகைக்கு இந்தப் புதுக் கடைகளில் நல்ல வரவேற்பு. ஊறிய புழுங்கலரிசியை நைசாக ஆட்டி, இட்டிலி போல வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை மரம் என்ற பிழியும் அச்சில் வைத்துப் பிழிய வேண்டும். ஆறிய உருண்டை மரத்தில் இறங்காது, இறங்கினாலும் துண்டு துண்டாக உதிரும். ஒருவர் பிழிய ஒருவர் உருண்டை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். இந்த வேலைக்குப் பயந்து சில கடைகள் பாக்கெட் அரிசிச் சேமியாவை வெந்நீரில் போட்டுப் 'சந்தகை' என்று பரிமாறுகின்றன. பார்த்தவுடன் பிடிபடும்: பாக்கெட் சேமியா இழைகள் ஒரே மெலிவில், நீளமாக, ரப்பர்த் தன்மையோடு ஒன்றை ஒன்று விட்டு வழுக்கும். பிழிந்த சந்தகை ஒன்றோடொன்று லேசாக ஒட்டி, விரலில் அழுத்தினால் நசுங்கும், புழுங்கலரிசியின் வாசம் இருக்கும்.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப் பால். முதல் பாலைக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும், அதனால் வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, ஆறவிட்டுத்தான் பாலில் சேர்க்க வேண்டும். கூடவே ஏலக்காய். பொடியில் கரைத்த பாலில் இனிப்பு மட்டும் நிற்கும், நாக்கில் தேங்காயின் கொழுப்பு தங்காது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊரில் பொடிப் பால் ஊற்றுவதை மன்னிக்க முடியவில்லை. எங்கள் தேர்வு சந்தகையோடு நாட்டுக்கோழிக் குழம்பு, கடைசி இரண்டு வாய்க்கு மட்டும் தேங்காய்ப் பால். காலையில் மட்டும் சந்தகை போடும் கடைகளை நம்பலாம், நாள் முழுக்கக் கிடைக்கும் என்றால் பாக்கெட்டா என்று கேட்டுவிடுங்கள்.

சைவப் பக்கம் கொள்ளுப் பருப்பும் பச்சைப்புளி ரசமும் சேர்ந்துதான் வர வேண்டும். கொள்ளை வேகவைத்து, தண்ணீரை வடித்து வைத்துக்கொண்டு, தாளித்த வெங்காயம், சீரகம், பூண்டோடு கரகரப்பாகக் கடைய வேண்டும். மிக்சியில் விழுதாக அரைத்தால் கசப்பும் பிசுபிசுப்பும் வரும். வடித்த தண்ணீர் கொள்ளு ரசத்துக்கு. பச்சைப்புளி ரசத்தில் ஏறக்குறைய எல்லாப் புதுக் கடையும் தவறுகிறது, காரணம் அதைக் கொதிக்க வைப்பதுதான். புளித் தண்ணீரில் நசுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், கொத்தமல்லி, துளி வெல்லம் போட்டுக் கையால் பிசைந்து கரைப்பதோடு சரி, அடுப்பே கிடையாது. கொதித்தால் சாதா ரசம். ஆனால் கொதிக்காத ரசம் சில மணி நேரத்தில் வெங்காய வாடை அடிக்கும், ஆகவே மாலைக்குத் தனியாகக் கரைக்க வேண்டும். மதியம் கரைத்ததை இரவிலும் ஊற்றும் கடைகளை முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இனி மற்ற போக்குகள். பெருந்துறை அருகே சீனாபுரத்தில் நீள இலையில் அசைவ வகைகளை வரிசையாக அடுக்கும் சாப்பாடு யூடியூபில் பரவியது முதல், நகரத்துக் கடைகளும் அதே பாணியைப் பிடித்திருக்கின்றன. குடல், ரத்தப் பொரியல், தலைக்கறி, மட்டன், கோழி, மீன் என்று இலை நிறைந்துவிடும். இரண்டு பேருக்கு மேல் பசியோடு போனால் காசுக்கு நியாயம். ரத்தப் பொரியலும் குடலும் சூடாக இருக்கும்போதே எடுத்து முடியுங்கள், இலையில் ஆறினால் கவிச்சை தலைதூக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வைக்காமல் இரண்டு சுற்றாகப் பரிமாறும் கடையே மேல்.

அரபு பாணியில் சோறும் கறியும் தரும் மந்திக் கடைகள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரிய தட்டில் நாலு பேர் சேர்ந்து சாப்பிட நல்லதுதான், மசாலா குறைந்த சோறு பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. ரோட்டோரக் காளான் இப்போது ஏசிக் கடை மெனுவிலும் ஏறியிருக்கிறது. அதில் பெரும்பங்கு முட்டைக்கோஸும் மாவும்தான், தள்ளுவண்டியில் எரியும் அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கும்போது கிடைக்கும் ருசி சின்னக் கிண்ணத்தில் வராது. அரைவேக்காட்டில் எடுக்கும் முட்டைக் கலக்கி மட்டும் தைரியமாக வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. முட்டை தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும் என்பதால் தளதளவென்று இருக்கும்போதே கல்லிலிருந்து எடுத்துவிட வேண்டும். சமையற்கட்டுக்கும் மேசைக்கும் தூரம் அதிகமுள்ள பெரிய ஹால்களில் அது ஆம்லெட்டாகத்தான் வந்து சேரும்.

பில் வந்ததும் இரண்டு வரியைப் பாருங்கள். சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பில்லில் சேர்த்திருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். டிப்ஸைப் பரிமாறியவர் கையில் நேராகக் கொடுப்பது நல்லது.

நாலு பேர் முதல் தடவை போகிறீர்கள் என்றால்: உட்கார்ந்த உடனே பள்ளிபாளையம் ஒன்று, நேரம் கொடுத்து. அது வரும்வரை சந்தகை இரண்டு, நாட்டுக்கோழிக் குழம்பு ஒன்று. பிறகு அரிசிம்பருப்பு சாதம் இரண்டு, தயிரும் அப்பளமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பல கடைகளில் கேட்டால்தான் வைப்பார்கள். கொள்ளுப் பருப்புக்கு வெறுஞ்சோறு ஒன்று, நெய்யோ நல்லெண்ணெயோ தனியாக. பச்சைப்புளி ரசத்தை முதலில் ஒரு டம்ளரில் வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் சோற்றில் ஊற்றுங்கள்.