அனெக்ஸின் கிட்: லெய்ஷ்மேனியாவுக்கு வாங்கலாமா?

பச்சையாக ஒளிரும் அனெக்ஸின்-5 என்ற புரதம், மென்சவ்வு ஓட்டையான கலத்துக்குள் மட்டும் புகுந்து சிவப்பாக ஒளிரும் புரொப்பிடியம் அயடைட்டு, பத்து மடங்கு செறிவான தாங்கற்கரைசல் என மூன்று போத்தல்கள் பெட்டிக்குள் வரும். மனிதக் கலம் எப்படிச் சாகிறது என்று சாயம் ஏற்றிப் பார்ப்பதற்காகச் செய்த கிட் இது. தோற்புண் தரும் ஒட்டுண்ணியான லெய்ஷ்மேனியாவிலும் சாயம் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பெட்டியின் மேல் போட்டிருக்கும் ‘அப்போப்டோசிஸ்’ (திட்டமிட்ட கலச்சாவு) என்ற சொல்லை அப்படியே ஆய்வறிக்கையில் இறக்கினால் மாட்டிக்கொள்வீர்கள். எங்கள் மதிப்பெண் 5க்கு 3.

முதலில் அந்தப் பெயர்ச் சிக்கல். மனிதக் கலம் திட்டமிட்டுச் சாகத் தொடங்கும்போது மென்சவ்வின் உட்புறத்திலிருக்கும் பொஸ்பற்றிடைல்செரீன் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் புரளும். கல்சியத்தின் துணையோடு அனெக்ஸின் அதைப் பிடிக்கும். லெய்ஷ்மேனியாவின் நீந்தும் வடிவமான புரோமாஸ்டிகோட்டில் அந்தக் கொழுப்பு காணப்படவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. லெய்ஷ்மேனியா மருந்தான மில்டெபோசின் கொடுத்தாலும் மென்சவ்வில் துளை விழுந்தாலும் அனெக்ஸின் ஒட்டத்தான் செய்கிறது. ஒட்டுவது வேறு பொஸ்போகொழுப்புகளில். ஆகவே பச்சை மட்டும் தெரியும் கலத்தை ‘அனெக்ஸின் பிடித்தது’ என்று எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இதே கடையில், திட்டமிட்ட சாவில் புரதங்களை வெட்டும் நொதியான காஸ்பேஸ்-3ஐ அளக்கும் கிட்டையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். இந்த ஒட்டுண்ணிக்குக் காஸ்பேஸே கிடையாது. இருப்பது மெற்றாகாஸ்பேஸ், அது ஆர்ஜினீன், லைசீன் இருக்கும் இடத்தில் வெட்டும். காஸ்பேஸ் வெட்டுவது அஸ்பார்ற்றிக் அமிலத்தில். அந்தக் கிட்டில் வெட்டுவதற்கென்று வரும் பொருளை மெற்றாகாஸ்பேஸ் தொடாது.

இனி செய்முறை. கூட வரும் துண்டுத்தாளை நம்பினால் முதல் படியிலேயே சறுக்கும். புவியீர்ப்பின் 300 மடங்கில் 5 நிமிடம் சுழற்றச் சொல்வார்கள். அது பெரிய மனிதக் கலங்களுக்குச் சரி. நீந்தித் திரியும் புரோமாஸ்டிகோட் அந்த வேகத்தில் ஒழுங்காக அடியில் படியாது. மேல்நீரை ஊற்றும்போது பாதி போய்விடும், அதுவும் நல்ல உயிரோடு இருப்பவைதான் போகும். மிஞ்சியதில் செத்தவற்றின் விகிதம் பொய்யாக ஏறும். 1,500 மடங்கில் 10 நிமிடம் வையுங்கள். குளிர்ந்த பொஸ்பேற்றுக் கரைசலில் இரு தடவை கழுவி, கடைசித் துளிவரை வடித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் பொஸ்பேற்று கல்சியத்தைப் பிடித்துக்கொண்டால் அனெக்ஸின் ஒட்டாது.

தாங்கற்கரைசலில் 1 பங்குக்கு 9 பங்கு காய்ச்சி வடித்த நீர். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கார் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரும் வேண்டாம்.

மில்லிலீற்றருக்கு 10 இலட்சம் கலம் வரும்படி கலக்கி, 100 மைக்ரோலீற்றர் எடுத்து, இரண்டு சாயத்திலும் ஒவ்வொன்றில் 5 மைக்ரோலீற்றர் விட்டு, இருட்டில் 15 நிமிடம். பிறகு 400 மைக்ரோலீற்றர் தாங்கற்கரைசல் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ‘அறை வெப்பநிலை’ என்று தாளில் இருப்பது 20 முதல் 25 பாகை செல்சியஸ். சித்திரை மாத நண்பகலில், கரண்ட் போய் மின்விசிறியும் நின்ற கிளிநொச்சி அறைக்கு அது பொருந்தாது. இந்தக் கலம் 26 பாகையில் வளர்ந்தது. சூடே அதற்கு ஒரு அதிர்ச்சி. ஐஸ் கலந்த நீர்த்தொட்டியை 25 பாகையில் வைத்துச் செய்யுங்கள், அல்லது காலை வேளையிலேயே முடியுங்கள்.

வேம்பு, மஞ்சள் சாறுகளைச் சோதிக்கும் மாணவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பச்சையம் தானாகவே சிவப்பாக ஒளிரும். மஞ்சளின் குர்குமின் பச்சையாக ஒளிரும். சாயமே இல்லாமல் சாறு மட்டும் பட்ட கலத்தோடு ஒரு குழாய் கட்டாயம் தேவை. அதோடு சாயமில்லாதது, பச்சை மட்டும், சிவப்பு மட்டும், மருந்து படாதது, கல்சியத்தைக் கட்டும் ஈ.டி.ரி.ஏ. 5 மில்லிமோலர் சேர்த்தது என இன்னும் ஐந்து குழாய். கடைசிக் குழாயில் கல்சியம் கட்டுண்டு கிடக்கும். அங்கும் பச்சை தெரிந்தால் அது வெறும் அழுக்கொட்டு. கலத்தை முன்கூட்டியே போமலினில் போடாதீர்கள், மென்சவ்வு ஓட்டையாகி எல்லாமே பச்சையாகிவிடும். மூப்படைந்த வளர்ப்பில் எதுவும் கொடுக்காமலே அனெக்ஸின் பிடிப்பவை இருக்கும். ஆகவே வேகமாகப் பெருகும் கட்டத்தில் எடுங்கள்.

கலங்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இல்லாத இடத்தில் ஒளிர்வு நுணுக்குக்காட்டி போதும். செத்த கலத்தில் சிவப்பு இரண்டு புள்ளியாகத் தெரியும்: பெரியது கரு, சிறியது கைனெற்றோபிளாஸ்ற், அதாவது இழைமணியின் டி.என்.ஏ. திரள். இரண்டு கலம் என்று எண்ணிவிடாதீர்கள். புரொப்பிடியம் அயடைட்டு மரபணுப் பொருளில் ஒட்டும் சரக்கு, கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

கொழும்பிலிருந்து ஏ9 வழியே வரும் பொதியில் இரண்டு தவறு நடக்கலாம்: ஐஸ் கரைந்து சூடேறுவது, உலர் ஐஸில் வைத்து உறைய விடுவது. இரண்டுமே அனெக்ஸினைக் கெடுக்கும். 2 முதல் 8 பாகை, இருட்டு. பிரிட்ஜின் உறைபெட்டிக்குள் வைக்கக்கூடாது. வந்த அன்றே மில்டெபோசின் கொடுத்த கலத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இலங்கையில் தோற்புண் தரும் லெய்ஷ்மேனியா டொனோவானி உள்ளூரிலேயே தொற்றியது 1992இல் பதிவானது. 2008 முதல் அறிவிக்க வேண்டிய நோய். வறண்ட வலயமான வன்னியில் இதைப் படிக்கத் தேவை இருக்கிறது. ஆனால் காசு குறைந்த ஆய்வுகூடம் 100 சோதனைப் பெட்டியை வாங்க வேண்டாம், 25 போதும். மருந்து கொன்றதா என்பது மட்டுமே கேள்வியென்றால் புரொப்பிடியம் அயடைட்டைத் தனியாக வாங்குங்கள். கூடவே மருந்தைக் கழுவி, கலத்தைப் புது ஊடகத்தில் 26 பாகையில் ஏழு நாள் விட்டுப் பாருங்கள். பச்சை பிடித்த கூட்டத்திலிருந்தும் சிலது நீந்திக்கொண்டு வந்தால், அட்டவணையில் ‘இறப்பு’ என்று போட்ட நிரலைத் திருத்த வேண்டியிருக்கும்.