எம்.ஏ. சமூகவியலா, எம்.எஸ்.டபிள்யூ.வா?

பாடத்திட்டத்தைப் புரட்டினால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும்: குடும்பம், சாதி, வறுமை, ஆய்வுமுறை. வகுப்பு தொடங்கிய பிறகுதான் வேறுபாடு பிடிபடும்.

சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ.வில் வழக்கமாக வாரம் இரண்டு நாள் ஃபீல்டு ஒர்க். மருத்துவமனை, தொழிற்சாலை, தொண்டு நிறுவனம் என்று எங்கே போட்டாலும், அன்றன்று நடந்ததை அறிக்கையாக எழுதி ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும். பலர் சறுக்குவது அங்கேதான். போன நேரம், பார்த்த ஆட்கள், திரும்பிய நேரம் என்று நாட்குறிப்பாகவே எழுதிவிடுவார்கள். அந்த ஆளிடம் ஏன் அப்படிப் பேசினோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் மதிப்பெண்ணுக்குரிய பகுதி.

சமூகவியலில் வாசிப்பே பாதிப் படிப்பு. துறையின் முன்னோடிகளான மார்க்ஸ், டர்க்கைம், வெபர் மூவரையும் கோனார் உரை மாதிரி குறிப்பு வைத்து ஒப்பேற்றினால் இரண்டாமாண்டில் திணறல் நிச்சயம். களத்துக்குப் போவது பெரும்பாலும் ஆய்வேட்டுக்காகத்தான், அதுவும் கடைசியில். அதனால் பிழையைத் திருத்த நேரமிருக்காது. வழக்கமான பிழை இது: 50 பேரிடம் படிவம் நிரப்பி, ஐந்து வருமானப் பிரிவையும் நான்கு கல்விப் பிரிவையும் குறுக்கே வைத்து, இரண்டுக்கும் தொடர்புண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square) போடுவது. 20 கட்டங்கள், கட்டத்துக்குச் சராசரி இரண்டரைப் பேர். எதிர்பார்ப்பு எண், அதாவது தொடர்பே இல்லையென்றால் ஒரு கட்டத்தில் வரவேண்டிய எண்ணிக்கை, ஐந்துக்குக் கீழே போனால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. பிரிவுகளை 2, 3 என்று சுருக்குங்கள். அல்லது எண்ணை விட்டுவிட்டு, 15 பேரிடம் நீண்ட நேர்காணல் எடுங்கள். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டக் கிராமமொன்றில் தங்கித்தான் சாதியையும் அதிகாரத்தையும் பிரித்துப் பார்த்தார். படிவத்தை மட்டும் நம்பி அதைச் செய்திருக்க முடியாது.

யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடங்களில் சமூகவியல் உண்டு: 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள். சமூகப்பணி பட்டியலிலேயே இல்லை. ஆனால் விருப்பப் பாடத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி கிடையாது, எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவரும் சமூகவியலை எழுதலாம். ஐ.ஏ.எஸ். கனவுக்காக மட்டும் எம்.ஏ. சேர்வது எங்களுக்கு வீண்செலவாகவே படுகிறது. கல்லூரி ஆசிரியர் வேலை என்றால் கதை வேறு. அதற்கான தகுதித் தேர்வான நெட்டைப் பொதுவாக முதுகலைப் பாடத்தில்தான் எழுத வேண்டும்.

படித்த கையோடு சம்பளம் வேண்டுமென்றால் எம்.எஸ்.டபிள்யூ.தான், அதிலும் மனிதவளப் பிரிவு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 தொழிலாளர் உள்ள ஆலைக்கு நல அலுவலரைக் கட்டாயமாக்கியது; 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை 250 ஆக்கியது. மருத்துவ, மனநலப் பிரிவை எடுப்பவர்கள் மட்டும் கவனிக்க: 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, மனநலச் சமூகப்பணியாளர் என்ற பெயருக்கு எம்.எஸ்.டபிள்யூ. போதாது, அதற்கு மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். வேண்டும். சமூகவியல் முதுகலையோடு அங்கே போக நினைப்பவர் மறுபடி எம்.எஸ்.டபிள்யூ. முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.